ஒரு பாட்டில் கிணத்துத் தண்ணி

ஆம்பூரிலிருந்து ஃபாரின் போக ரொம்பக் குறைந்த செலவு எது என்று மூன்று பையன்கள் ஒரு சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மூன்று வருஷம் பி.காம் படித்தது அந்த ஒரு நாள்தான் உருப்படியாக உபயோகப்பட்டது. தாய்லாந்து போச்சு. மலேசியா போச்சு. கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஜெயித்தது. 2023 அக்டோபர் 14-ல் ஆரம்பித்து, கொஞ்ச நாளிலேயே மழைக்காலம் வந்து நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்கிற வேறு கப்பலோடு மறுபடி ஆரம்பித்த சர்வீஸ். மூன்று பேரும் கையில் அடித்து சத்தியம் செய்தார்கள்.

2025 மே மாதம் பரீட்சை முடிந்தபோது ஒருத்தனுக்கு பாஸ்போர்ட் வரவில்லை. இன்னொருத்தனுக்கு வீட்டில் பர்மிஷன் வரவில்லை ("இலங்கையா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்களாம்). மிச்சம் ஒருவன். பெயர் போடக்கூடாது என்பது அவன் கண்டிஷன். அதனால் கடைசி வரை 'அவன்'தான். கண்டுபிடித்தவர்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்.

தனியாகப் போவதா வேண்டாமா என்று அவன் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மா வந்து சேர்ந்தார்.

பெரியம்மா சொந்தப் பெரியம்மா இல்லை. அவன் அம்மாவும் அவரும் ஒரே ஷூ கம்பெனியில் ஒரே ஸ்டிச்சிங் லைனில் பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின். காலையில் ஒரே கம்பெனி பஸ், மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ். வீடு மட்டும் வேறு. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் மின்னூரில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் அவர் இருக்கிறார். தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், சுமார் 58,000 பேர். 2021-ல் அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்த வருஷம் நவம்பர் 2-ந் தேதி புது வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் நம் பக்கத்தில்தான், வேலூர் மேல்மொணவூர் முகாமில்.

பெரியம்மாவின் ஊர் நெடுந்தீவு. 1990-ல் சண்டை திரும்ப ஆரம்பித்தபோது 23 வயசில், இடுப்பில் ரெண்டு வயசுப் பையனோடு, ராத்திரிப் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். அங்கிருந்து மண்டபம் முகாம். மண்டபத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கொண்டுவந்து விட்ட இடம்தான் இது. வீட்டுக்காரர் இங்கேயே செத்துப்போனார். இடுப்பில் வந்த பையனுக்கு இப்போது 37 வயசு, மூன்று பிள்ளைகள். மூன்றும் "டேய் மச்சி" என்று பக்கா ஆம்பூர்த் தமிழ் பேசுகிற பிள்ளைகள்.

அவர் கேட்டது இவ்வளவுதான். "தம்பி, யாழ்ப்பாணம் போறியாம். அப்பிடியே எங்கட ஊருக்கும் ஒருக்கா போய், எங்கட கிணத்துத் தண்ணிய ஒரு போத்தல்ல எடுத்துக்கொண்டு வாறியா?"

அவன் முதலில் ஏதோ சென்டிமென்ட் என்று நினைத்தான். இல்லை. பெரியம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் ரேஷன் கார்டு, முகாம் பதிவு, பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விண்ணப்பம். ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்கள் கொடுக்கிற விண்ணப்பம். அப்போது ஐ.நா. அகதிகள் ஆணையம் டிக்கெட் போட்டு அனுப்பிவைத்துக்கொண்டிருந்தது. பாதி எழுதி, கையெழுத்துப் போடாமல், ரொம்ப நாளாக அப்படியே கிடக்கிறது. கையெழுத்துப் போட்டுப் போய்விட்டால் இங்கே முகாம் பதிவு முடிந்தது. திரும்ப வரவேண்டுமானால் வெளிநாட்டுக்காரராக விசா எடுத்துத்தான் வரவேண்டும். மகனும் பேரப்பிள்ளைகளும் வர மாட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. போவதென்றால் அவர் மட்டும்.

தங்கை அங்கேதான் இருக்கிறாரே, போனில் கேட்டால் ஆகாதா என்று அவனும் கேட்டான். வாரத்துக்கு மூணு நாள் வாட்ஸப்பில் பேசுகிறார்கள்தான். "அவள் உண்மை சொல்ல மாட்டாள் தம்பி. எல்லாம் நல்லாத்தான் கிடக்கு அக்கா எண்டுதான் எப்பவும் சொல்லுவாள். நீ போய்க் குடிச்சுப் பார். தண்ணி சவராப் போச்சுதெண்டால் நான் அங்க போய் என்ன செய்யிறது?"

சவர் என்றால் லேசான உப்புக் கரிப்பு. கிணறு உப்பாகிற கதை ஆம்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் லாரியில் வரும். தொட்டியில் ஊறப்போட்டு அலசினால் அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். அப்புறம்தான் சுண்ணாம்பு, குரோம், மற்றதெல்லாம். எத்தனையோ வருஷம் அது பாலாற்றிலும் வயலிலும் இறங்கி, கரையோரக் கிணறுகளை ஒவ்வொன்றாகக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. லா காலேஜ் பிள்ளைகள் இன்றைக்கும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதே விவகாரத்தில் 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் ஒரு தீர்ப்பு சொல்லவேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன, ஆனால் கெட்டுப்போன கிணறு அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. பெரியம்மா 35 வருஷமாக அந்தப் பக்கத்துத் தண்ணியில்தான் சோறு ஆக்கினார். இப்போது கேன் தண்ணி.

ஒரு செருப்புப் பார்சலும் கொடுத்தார். தங்கச்சிக்கு. கம்பெனி பக்கத்தில் செகண்ட்ஸ் மால் விற்கிற கடையில் வாங்கிய அசல் தோல் செருப்பு. அளவு எப்படித் தெரியும் என்றால், "அவளின்ர கால் எனக்குத் தெரியாதே?" என்றார்.

ஆம்பூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் என்று மூன்று பஸ். கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏ.சி., சீட்டு, ஜன்னலில் தண்ணீர், பின்சீட்டில் ஒருவர் வாந்தி. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே குறைய. இமிக்ரேஷனில் ஸ்டாம்ப் குத்தினபோது மட்டும் அவனுக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்ததாம். அன்றைக்கு ராத்திரி யாழ்ப்பாணத்தில் ஒரு லாட்ஜ்.

மறுநாள், மே 16, காலை யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்ட். 'குறிகாட்டுவான்' என்று கத்துகிற மினிபஸ். (அந்த ஊர் ஜனங்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரமில்லை போல. அடுத்த வண்டியில் வெறும் கே.கே.டி. என்று எழுதியிருந்தது.) முன் சீட்டு காலியாக இருக்கிறதே என்று அவன் உட்காரப் போக, கண்டக்டர் கையைக் காட்டினார். மதகுருமாருக்கு ஒதுக்கியதாம். கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், மாதா, புத்தர் மூன்று பேரும் ஒரே சீரியல் லைட்டுக்குள் குடித்தனம்.

யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டியதும் பஸ் கடலுக்குள் போகிறது. நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. பண்ணைத் தாம்போதி என்று கடலுக்கு நடுவில் போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு அசையாத தண்ணீர், அதில் குச்சி நட்டு வலை கட்டிய மீன் பொறிகள். பிறகு வேலணைத் தீவு. பிறகு மறுபடி கடல் நடுவே ரோடு, பிறகு புங்குடுதீவு. ஒல்லாந்தர் வந்து இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்களாம். வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். மற்ற பெயர்களையெல்லாம் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். டெல்ஃப்ட் மட்டும் இங்கிலீஷ் மேப்பில் ஒட்டிக்கொண்டது.

புங்குடுதீவில் ரோட்டோரம் பெரிய பெரிய கல்வீடுகள், கதவு இல்லாமல், உள்ளே மரம் முளைத்து. சொந்தக்காரர்கள் சுவிஸ், கனடா, பிரான்ஸ். அதே ரோட்டில் வர்ணம் மினுக்கும் கோயில் கோபுரங்கள், அதுவும் சுவிஸ், கனடா, பிரான்ஸ் பணம்தான். ஆளில்லாத ஊரில் சாமிக்கு மட்டும் புது வீடு.

ரோடு முடிகிற இடம் குறிகாட்டுவான் இறங்குதுறை. வெசாக் முடிந்து நாலே நாள், தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்த சிங்கள யாத்ரீகர்கள் வெள்ளை உடுப்பில் வரிசையில் நிற்கிறார்கள். நயினாதீவுக்குக் கால்மணி, இருபது நிமிஷம்தான். அங்கே நாகவிகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கின்றன, அதனால் படகுக்குப் படகு கூட்டம். நெடுந்தீவுப் படகு ஓரமாக நிற்கிறது. அதில் ஏறியவை: சிமெண்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், பாண் (நம்மூர் பிரெட்), ரெண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஃபேன், கோழிக்குஞ்சு அட்டைப்பெட்டி, லீவுக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள், ஒரு ஃபாதர், அவன். தீவுக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் இப்படித்தான் தோளில் ஏறி வந்திருக்கும் என்று யோசித்தால் ஒரு வீடு கட்டுவது எவ்வளவு பெரிய சமாச்சாரம்!

படகு கிளம்பி நயினாதீவு தாண்டும் வரை சுகம். அதற்குப் பிறகு திறந்த கடல். மே மாதம் சோளகக் காற்று தொடங்கிவிடும், தென்மேற்கிலிருந்து. படகு ஏறி இறங்கி ஏறி இறங்கி, தண்ணீர் பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைகிறது. உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்ட ஒரே ஆள் அவன்தான். பக்கத்தில் ஒரு அம்மா தூங்கிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம்.

மாவலித்துறையில் இறங்கியதும் கரையில் ஒரு நினைவுத் தூண். அதில் மாலைகள், முந்தின நாள் வைத்தவை, வாட ஆரம்பித்திருந்தன. 1985 மே 15 காலையில் இங்கிருந்து புங்குடுதீவு நோக்கிப் போன குமுதினி படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், உள்ளே இருந்த சனங்களை வெட்டிக் கொன்றார்கள். 30 பேருக்கும் மேல். பெண்கள், கைக்குழந்தை, எல்லாம். கடற்படையினர்தான் செய்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் மறுத்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அவன் போனது நாற்பதாவது வருஷ நினைவு நாளுக்கு மறுநாள். அதே குமுதினியைப் பழுது பார்த்து அதற்குப் பிறகும் பல வருஷம் அதே கடலில் ஓட்டினார்கள் என்பதுதான் அவனுக்கு ரொம்ப நேரம் ஜீரணமாகாத விஷயம். வேறு படகுக்கு எங்கே போவார்கள்?

பெரியம்மா இதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் தங்கைதான் அன்று ராத்திரி சொன்னார். அக்காவுக்கு அப்போது 18 வயசு. அந்த நாளுக்குப் பிறகு எதற்கும் யாழ்ப்பாணம் போகமாட்டேன் என்று ஐந்து வருஷம் படகில் கால் வைக்கவில்லையாம். அடுத்ததாக ஏறியது 1990-ல், இந்தியாவுக்கு.

தங்கையை அவன் "சித்தி" என்று கூப்பிட்டான். அவர் சிரித்தார். "அது சீரியல்ல சொல்லுறது. இஞ்ச சின்னம்மா." சரி, சின்னம்மா. முதல் நாளே ஒரு அசம்பாவிதம். "கிளம்புறதுக்கு முன்னாடி பெரியம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன்" என்று அவன் சொல்ல, சின்னம்மா முகம் மாறி, "ஏன் தம்பி பேசினனீர்? அவ என்ன செய்தவ?" என்றார். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதெல்லாம் அங்கே கதைப்பது. இதைத் தெளிவுபடுத்த ஒரு டீ ஆனது.

செருப்புப் பார்சல் பிரித்தது அடுத்த அசம்பாவிதம். சின்னம்மாவின் கால் அதில் பாதிதான் போனது. பெரியம்மா கொடுத்தது இருபது வயசுப் பெண்ணின் கால் அளவு. சின்னம்மாவுக்கு இப்போது 55, சர்க்கரை வேறு, பாதம் வீங்கியிருக்கிறது. அவர் செருப்பை முகர்ந்து பார்த்தார். "நல்ல தோல்" என்றார். துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டார்.

தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மண் என்று பெயருக்குத்தான், கீழே முழுக்க முருகைக்கல். பவளப்பாறை. நம்மூரில் வேலி என்றால் முள் அல்லது கம்பி. இங்கே அந்தக் கல்லைச் சுண்ணாம்பு, சிமெண்ட் ஒன்றும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே காணிக்குக் காணி மதில். ஆட்டோவில் போகும்போது ரெண்டு பக்கமும் இந்தச் சாம்பல் மதில்களும் பனைமரமும்தான். சனம் மொத்தம் சில ஆயிரம். டூரிஸ்ட்டுகள் காலைப் படகில் வந்து, ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, உள்ளே ஆள் நுழையக்கூடிய பெருக்கு மரம், குதிரை என்று ஒரு ரவுண்டு அடித்து சாயங்காலப் படகில் போய்விடுகிறார்கள். தங்குகிறவர்கள் கம்மி. இரண்டு ராத்திரி தங்கியதால்தான் அவனுக்குக் கடைசிப் படகு போன பிறகு அந்தத் தீவு எப்படி மாறுகிறது என்று தெரிந்தது. திடீரென்று காற்றுச் சத்தம் மட்டும். யாருக்காவது நெஞ்சு வலித்தால்? ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் (வருத்தம் என்றால் அங்கே நோய்) யாழ்ப்பாணம்தான் போகவேண்டும், அதற்கு நடுவில் கடல். சோளகம் முற்றி அடிக்கிற நாட்களில் படகே ஓடாது. சின்னம்மா இதை ரேஷன் கடை லீவு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

குதிரைகளைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தது. பிரிட்டிஷ் காலத்தில் நோலன் என்று ஒரு ராணுவ லெப்டினன்ட் இங்கே குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டாராம். வெள்ளைக்காரன் போனான், குதிரைகள் நின்றுவிட்டன. கட்டி வைக்க ஆளில்லாமல், தானே மேய்ந்து, தானே குட்டி போட்டு, தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்காலி. சினிமாக் குதிரை மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். குள்ளம், விலா எலும்பு எண்ணலாம். வறட்சியில் தண்ணியில்லாமல் செத்துவிழுகிற வருஷங்களும் உண்டு. வெயில் நாளில் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். சாயங்காலம் ஒரு தொட்டி ஓரமாக ஏழெட்டுக் குதிரை நின்றது. தொட்டி காலி. அவை நின்றுகொண்டே இருந்தன.

மறுநாள் காலையில் பெரியம்மாவின் காணிக்குப் போனார்கள்.

வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர் நாலும் நிற்கிறது, நிலைக்கதவு இல்லை, உள்ளே ஒரு வேம்பு நன்றாக வளர்ந்து தலைக்கு மேலே நிழல் கொடுக்கிறது. மதில் அநேகமாக அப்படியே இருக்கிறது. பின்னால் கிணறு. அதுவும் முருகைக்கல் கட்டு, ஆழம் அதிகமில்லை, எட்டிப் பார்த்தால் பக்கத்தில் தண்ணீர் தெரிகிறது. சின்னம்மா வாளியைக் கட்டி இறக்கினார். அவன் கையில் ஊற்றிக் குடித்தான்.

கரித்தது. வாயில் வைக்கமுடியாத உப்பு இல்லை. குளிக்கலாம், துவைக்கலாம், மாடு குடிக்கும். ஆனால் குடித்து முடித்த பிறகும் நாக்கில் நிற்கிற கரிப்பு. அவனுக்கு அந்த ருசி புதுசே இல்லை என்பதுதான் விசேஷம்.

இந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைத்தண்ணி கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், அவ்வளவுதான் சயின்ஸ். பார்த்துப் பார்த்து இறைத்தால் மேல்தண்ணி வரும். மழை பொய்த்தாலோ அதிகம் இறைத்தாலோ கீழே இருப்பது ஏறிவரும். தீவில் சாராப்பிட்டி பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணி இருக்கிறது. மற்றபடி குடிக்கச் சுத்திகரித்த தண்ணியைக் கேனில் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆம்பூரிலும் கேன், இங்கேயும் கேன்.

"அக்கா இருக்கேக்க இது நல்ல தண்ணிக் கிணறு," என்றார் சின்னம்மா. "இந்த வட்டாரமே இஞ்சதான் அள்ளும்."

"அப்ப போன்ல ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

அவர் வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அவ வா எண்டு நான் சொல்லேலாது தம்பி. பேரப்பிள்ளையள விட்டுட்டு வந்து அவ அழுதால் அது எனக்குப் பாவம். வராத எண்டும் எனக்குச் சொல்லேலாது. அப்ப என்னத்தச் சொல்லுறது? தண்ணி நல்லாக் கிடக்கெண்டு சொன்னன்."

ஒரு லிட்டர் பாட்டிலை அலசி நிரப்பிக்கொண்டார்கள். அன்றைக்கு மத்தியானம் புட்டும் நண்டுக் குழம்பும். ராத்திரி ஒடியல் கூழ், அதாவது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், இறால், நண்டு எல்லாம் போட்டுக் காய்ச்சியது. உறைப்பில் கண்ணில் தண்ணி வந்தது. காசு கொடுக்கப் பார்த்தான். அது மூன்றாவது அசம்பாவிதம், சின்னம்மா நிஜமாகவே 'பேசி'விட்டார்.

ராத்திரி மொட்டைச் சுவரில் உட்கார்ந்து தென்மேற்கே பார்த்தான். அந்தப் பக்கம் நேராகப் போனால் கச்சத்தீவு, அதையும் தாண்டினால் ராமேஸ்வரம். எல்லாம் சேர்த்து 50 கிலோமீட்டர்தான். ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற தூரம். கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு நிர்வாகத்தில் இந்த நெடுந்தீவுப் பிரிவோடுதான் இருக்கிறது. டிவியில் எவ்வளவு சத்தம் கேட்ட பெயர்! இங்கே அது அந்தோனியார் திருவிழாவுக்குப் படகில் போகிற பக்கத்து இடம். அவன் பேன்ட் பாக்கெட்டில் பாஸ்போர்ட் இருந்தது. சவுதியில் வேலைக்குப் போகட்டும் என்று அப்பா எடுத்து வைத்தது. அதை வைத்துக்கொண்டு அவன் சும்மா ஊர் சுற்ற வந்து, ஒரே வாரத்தில் திரும்பிப் போகப் போகிறான். பெரியம்மாவுக்கு அதே கடல் போக மட்டும்தான்.

திரும்பும்போது துறைமுகச் சோதனையில் பாட்டிலை எடுத்துப் பார்த்தார்கள். என்ன இது? தண்ணி. எங்கே வாங்கினது? வாங்கலை, கிணத்துல எடுத்தது. குடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு மடக்கு குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அந்த ஆபீசரே சிரித்து அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மின்னூர் போனான். பெரியம்மா தண்ணியை உடனே கேட்கவில்லை. முதலில் தங்கச்சி மெலிந்திருக்கிறாளா என்று கேட்டார். மதில் விழுந்துவிட்டதா என்றார். போட்டோக்களை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். சுவருக்குள் நிற்கிற வேம்பைப் பார்த்து, "இது நான் வைக்கேல்ல, தானா முளைச்சது" என்று அவனிடம் விளக்கம் சொன்னார். பிறகு பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

"சவர்தான்."

பேரன் பிடுங்கிக் குடித்துவிட்டு, "அய்யே, உப்பு பாட்டி" என்று முற்றத்தில் துப்பினான். அவன் முதுகில் ஒரு அடி விழுந்தது.

"செருப்புப் பொருந்திச்சோ?"

"பொருந்திச்சு பெரியம்மா."

"பொய் சொல்லாத. அவள் போன்ல சொல்லிட்டாள், பாதிக் காலுக்குத்தான் போச்சுதாம்." அவர் பாட்டிலை மூடி, பிஸ்கட் டின் இருக்கிற தட்டிலேயே அதன் பக்கத்தில் வைத்தார். டின்னைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, சம்பளம் போட்ட மறுநாள், கம்பெனி பஸ்ஸில் அவன் அம்மாவிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். அதே மாடல், அதே நிறம், ரெண்டு சைஸ் பெரிசு. அடுத்த லீவு எப்போது என்று கேட்டு வரச்சொன்னாராம்.